குச்சி நீளமானால் போதுமா?

ஸ்ரீராம்புரத்துச் சந்தில் இரண்டு ஆட்டோ எதிரெதிரே வந்தாலே ஒன்று ரிவர்ஸ் எடுக்க வேண்டும். அந்தச் சந்துக்குள் காரின் தலையில் ஆண்டெனாக் குச்சி நட்டுக்கொண்டு வரும் ஹாம் ரேடியோக்காரருக்கு ஒரே கவலைதான்: குச்சியின் நீளம் கால் அலையா, எட்டில் ஐந்து அலையா?

2 மீட்டர் பேண்டுக்கு, அதாவது 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரை, கால் அலைக் குச்சி சுமார் 50 சென்டிமீட்டர். எட்டில் ஐந்து என்றால் 1.2 மீட்டருக்கு மேல். இது 3 டெசிபல் கூடுதலாகத் தரும் என்று விற்பவர் சத்தியமே செய்வார். தரட்டும். கேட்பவரின் சிக்னல் மீட்டரில் ஒரு கோடு, அதாவது ஓர் எஸ் அலகு, 6 டெசிபல். ஆக, முள் அரைக் கோடு நகரும்! அதற்காக வழியில் தொங்கும் கேபிள் டிவி வயர்களையெல்லாம் வாரிக்கொண்டு போகலாம். நீளக் குச்சி சக்தியை அடிவானம் நோக்கித் தள்ளுமாம். இங்கே அடிவானம் பத்தடி தள்ளியிருக்கும் எதிர்வீட்டுச் சுவர். பக்கத்து வீட்டுக்காரர் டெசிபலைப் பார்க்கப் போவதில்லை, நீளத்தைப் பார்ப்பார். விற்பனை அங்கேதான் முடிகிறது.

7 மெகாஹெர்ட்ஸ் ஆசை வந்துவிட்டால் இன்னும் வேடிக்கை. கால் அலைக்கே 10 மீட்டர், மூன்று மாடி உயரம். சுருள் போட்டு 2 மீட்டருக்குள் அடக்கினால் அனுப்பும் சக்தியில் பெரும்பங்கு சுருளைச் சூடாக்கவும் தரையில் வீணாகவுமே சரியாகிவிடும்.

ஆட்டோவிலும் வைக்கலாமே என்பார்கள். ஆனால் குச்சி ஆண்டெனாவில் பாதிதான்; மறுபாதி காரின் தகரக் கூரை. ஆட்டோவின் ரெக்ஸின் கூரையில் குச்சியின் அடிக் காந்தமே ஒட்டாது.