இரண்டங்குல வைத்தியர்

நெட்வொர்க் பார்க்க வரும் அண்ணாச்சியின் சட்டைப்பையில் எப்போதும் நாலைந்து கனெக்டர்களும், கையில் ஒரு கிரிம்பிங் பிளையரும் இருக்கும். அவருடைய வைத்திய சாஸ்திரம் முழுவதும் அவ்வளவே. சர்வர் மந்தமானாலும், வைரஸ் புகுந்தாலும், ஊருக்கே கரண்டு போய் நாம் விசிறியும் கையுமாக உட்கார்ந்திருந்தாலும், அவர் அணுவளவும் சஞ்சலமின்றி, "கனெக்டர்தான் அண்ணாச்சி, ஒரு நிமிசம், வெட்டிப் போட்ருவோம்" என்பார்.

அந்த வெட்டு வைபவத்தைத் தரிசிக்க வேண்டும். எல்லா மிஷினையும் நிறுத்தச் சொல்லிவிட்டுத் தரையில் சம்மணமிட்டு, கேபிளின் நுனியை இரண்டங்குலம் கத்தரித்து எறிந்து, மேல்தோலை உரித்து, உள்ளேயிருக்கும் எட்டு நரம்புகளையும் பிரித்து நீவி, "வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பிரவுன், பிரவுன்" என்று சங்கற்பம் சொல்லும் புரோகிதரைப்போல் முணுமுணுத்து, ஒரு நெரி நெரித்துச் சொருகி, பிங் கொடுத்து நாலு வரி பதில் வந்ததும், பிரசவம் பார்த்து முடித்த மருத்துவச்சியின் திருப்தியோடு எழுந்திருப்பார். அவர் பைக் கண்மறைந்த அரைமணிக்குள் நெட்டும் மறைந்துவிடும்.

ஈதர்நெட் கேபிள் நூறு மீட்டர் வரை ஓடலாம் என்பார்கள். ஆனைக்குட்டத்தில் எங்கள் பட்டாசு ஆபீஸில் ஓடியது ஏழெட்டு முழந்தான். ஆடி மாதத்தில் மேஜைக்கடியில் சாரைப்பாம்புபோல் சுருண்டு கிடந்த அது, முறைக்கு இரண்டங்குலமாகப் பதினான்கு முறை சிகிச்சை பெற்று, புரட்டாசியில் வீணைத்தந்திபோல் விறைத்து நின்று வருவோர் போவோர் காலையெல்லாம் இடறிவிட்டது. முதலில் கம்ப்யூட்டர் மேஜையின் ஓரத்துக்கு வந்தது. பின்பு மேஜை சுவரோரத்துக்குப் போனது. மேஜையின் பின்னால் கணக்கெழுதும் அம்மாளும் போனார். அன்றுமுதல் வெளியூர் வியாபாரிகள் பாக்கி விவரத்தை அவருடைய கொண்டையிடமே விசாரிக்க வேண்டியதாயிற்று.

இதில் சிரிக்க எனக்கு ஒன்றுமில்லை. வெளிமாநிலம் போகும் ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு இ-வே பில் இல்லாமல் வாசல் தாண்டலாகாதென்பது 2018 முதல் சட்டம், தீபாவளி நெருங்குகிறது, பட்டாசேற்றிய லாரி கந்தக பூமியின் வெயிலில் நிற்கிறது, உள்ளே பில் பக்கம் பாதியில் சுழல்கிறது. எங்கள் ஊர் அர்ச்சுனா நதியின் அணையில் ஷட்டர் கசிந்தால், எங்கே கசிகிறதென்றாவது கண்ணுக்குத் தெரியும். இங்கே அதுவுமில்லை; விசிட்டுக்கு முந்நூறு ரூபாய் கசிந்தது மட்டும் பிரத்தியட்சம்.

ஆயினும் கூப்பிட்ட குரலுக்கு உச்சிவெயிலில் சிவகாசியிலிருந்து ஓடிவந்து, வேலை முடியாமல் டீயைக்கூடத் தொடாத மனுஷரை எப்படிக் கடிந்துகொள்வது?

பதினைந்தாம் விஜயத்தன்று சுவரைப் பார்த்தபடியே அம்மாள் சொன்னார்: "அண்ணே, பக்கத்து ரூம்ல பிரிண்டரைப் போட்டாத்தான் இது படுத்துக்கிடுது." அண்ணாச்சி முதன்முறையாகப் பிளையரைக் கீழே வைத்தார். பார்த்தால், பிரிண்டருக்கு என்றோ கையால் எழுதிவைத்த ஐபி எண்ணையே ரௌட்டர் அம்மாளின் கம்ப்யூட்டருக்கும் தாராளமாக வழங்கியிருந்தது. ஒரே கதவிலக்கத்தில் இரண்டு வீடு இருந்தால் தபால்காரர் என்ன செய்வார்? அண்ணாச்சி வந்த போதெல்லாம் எல்லா மிஷினையும் நிறுத்தச் சொன்னதால் பிரிண்டரும் உறங்கியது. அவர் போனதும் டெஸ்பாட்ச் பையன் அதை எழுப்பினான். எண்ணை மாற்ற ஐந்து நிமிஷம் ஆயிற்று, மாற்றியவரும் அண்ணாச்சியேதான்.

நாங்கள் பெருமூச்சு விட்டு முடிப்பதற்குள், "எதுக்கும் இதையும் மாத்திருவோம்" என்று அவர் நுனியைக் கத்தரித்துவிட்டார்.

நெட் இப்போது ஒருநாளும் அறுவதில்லை. மேஜையைத்தான் பழைய இடத்துக்கு நகர்த்த முடியவில்லை, கேபிள் எட்டவில்லை.