28 நாள் காத்திருக்கும் சேதி

மாசிக் கடைசி ஞாயிறு தொடங்கி 28 நாள் சமயபுரத்து மாரியம்மன் பச்சைப் பட்டினி கிடக்கிறாள். மற்ற ஊர்களில் பக்தன் சாமிக்காக விரதம் இருப்பான். இங்கே சாமி பக்தனுக்காக இருக்கிறாள். துள்ளுமாவு, நீர்மோர், பானகம், இளநீர் இவைதான் நைவேத்தியம். சமைத்த சோறு கிடையாது.

கூகுளின் ஃபயர்பேஸ் கிளவுட் மெசேஜிங் சேவைக்கும் இதே 28 நாள் கணக்குதான். உங்கள் போன் அணைந்து கிடந்தால், வந்த அறிவிப்பை அது அதிகபட்சம் நான்கு வாரம் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கும். அம்மன் பட்டினி கிடப்பது உங்கள் நோய்நொடி தீர. சர்வர் காத்துக் கிடப்பது, மாண்புமிகு ஒருவர் வடம் பிடித்துத் தேரோட்டத்தைத் தொடங்கி வைத்த படத்தை உங்களுக்குக் காட்ட.

அந்தப் படம் வந்து சேரும் விதத்தில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. கிளவுடினரி மாதிரி ஒரு படக் கிடங்கு. படம் ஏறியதும் 'ஏறிவிட்டது' என்று அது வெளியே ஒரு குரல் கொடுக்கும். அந்தக் குரலைக் காதில் வாங்க ஸாப்பியர், ஸோஹோ ஃப்ளோ போன்ற லோ-கோட் கருவி ஒன்று. நிரல் எழுதத் தெரிய வேண்டாம். குழந்தை பொம்மை ரயிலுக்குப் பெட்டி கோப்பதுபோல இந்தப் பெட்டியையும் அந்தப் பெட்டியையும் கோட்டால் இணைத்தால் போதும். கடைசிப் பெட்டி ஃபயர்பேஸ். அது லட்சம் போன்களை ஒரே நேரத்தில் சிணுங்க வைக்கும். கல்லூரி முடித்த பையன் ஒரு பிற்பகலில் செய்துவிடுகிற வேலை. இதையே டெண்டர் விட்டால் 'ஒருங்கிணைந்த ஆன்மிகத் தகவல் தளம்' என்று பெயர் மாறும். விலையும் பெயருக்குத் தக்கபடி நீளும்.

கிடங்குக்கு ஒரு சாமர்த்தியம் உண்டு. முகத்தைப் பார்த்து வெட்டு என்று சொல்லிவிட்டால், படத்தில் எங்கே முகம் இருக்கிறதோ அதை நடுவில் வைத்து மற்றதை நறுக்கிவிடும். பூமாலைக்குள் அமர்ந்திருக்கும் அம்மனின் முகம் அந்த இயந்திரத்துக்கு முகமாகப் படலாம், படாமலும் போகலாம். கரைவேட்டிக்காரரின் முகம் தப்பவே தப்பாது. பூச்சொரியலுக்குக் கூடை சுமந்து வந்தவர்கள், தீச்சட்டி ஏந்தியவர்கள், தேருக்கு முட்டுக்கட்டை போடுகிறவர் எல்லாரும் ஓரத்தில் நின்றவர்கள். ஓரம் முதலில் போகும்.

இன்னொரு சிக்கல், இடம். ஓர் அறிவிப்புக்கு 4096 பைட்தான். படம் அதில் ஏறாது, படத்தின் முகவரி மட்டும் ஏறும். தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட் தின்னும். அமைச்சருக்கு அடைமொழி, மாவட்டச் செயலாளருக்கு அடைமொழி, அறங்காவலர் குழுத் தலைவருக்கு அடைமொழி, வருகை தந்த, வருகை தர இயலாமல் வாழ்த்து அனுப்பிய எல்லாருக்கும் அடைமொழி. ஏற்றி முடித்த பிறகு, நடை எத்தனை மணிக்குச் சாத்துவார்கள் என்று சொல்ல இடம் இருக்காது.

அனுப்பினாலும் யார் பார்ப்பது? கோவில்களுக்குள் கைபேசி கூடாது என்று 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. ஆகவே பக்தர் வரிசையில் நிற்கும்போது வருகிற அறிவிப்பை, வாசலில் டோக்கன் கட்டி வைத்த போன் தனியாகப் படித்துப் பரவசப்பட வேண்டும்.

ஃபயர்பேஸுக்குப் பழைய வழி ஒன்று இருந்தது. அதை மூடப்போகிறோம் என்று 2023 ஜூனில் கூகுள் சொன்னது. 2024 ஜூலையில் மூடத் தொடங்கியது. ஒரு வருடத்துக்கு மேல் அவகாசம். நம் அலுவலகம் எதிலாவது பழைய வழியில் ஒரு செயலி ஓடிக்கொண்டிருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? கட்டிக்கொடுத்த பையன் பெங்களூருக்குப் போயிருப்பான். கடவுச்சொல் அவனோடு போயிருக்கும். சேதி நின்றுபோனது யாருக்கும் தெரிந்திருக்காது, ஏனென்றால் வந்துகொண்டிருந்தபோதும் யாரும் படித்ததில்லை. இதுவரை சிரித்துவிட்டுப் போகலாம்.

சமயபுரம் டோல்கேட்டைத் தாண்டிப் பாருங்கள். 2021 பிப்ரவரியில் ஃபாஸ்டேக் கட்டாயமானது. கண்ணாடியில் ஒட்டிய வில்லையைக் கருவி படிக்கிறது, எங்கோ இருக்கிற வங்கியில் பணம் குறைகிறது, அடுத்த ஊர் வருவதற்குள் குறுஞ்செய்தி வந்துவிடுகிறது. எந்த வண்டி, எந்த டோல்கேட், எத்தனை மணி, மிச்சம் எவ்வளவு, அத்தனையும். நெட்வொர்க் இல்லை என்ற பேச்சே அங்கே கிடையாது. வாங்க வேண்டியது இருந்தால் இந்த நாட்டில் சேதி நொடியில் போகும்.

2024 ஜூலை 17. ஆடி முதல் நாள். புதுக்கோட்டை மாவட்டம் கந்தர்வகோட்டைப் பக்கம் கண்ணுக்குடிப்பட்டியிலிருந்து சமயபுரத்துக்குப் பாதயாத்திரை வந்தவர்கள், தஞ்சாவூர்-திருச்சி தேசிய நெடுஞ்சாலையில் வளம்பக்குடி அருகே நடந்துகொண்டிருந்தார்கள். சரக்கு வண்டி ஒன்று மோதியது. ஐந்து பேர் செத்தார்கள். அதில் நான்கு பேர் பெண்கள்.

அந்தச் சாலையில் சமயபுரத்துக்கு ஆள் நடப்பது யாருக்குத் தெரியாத ரகசியம்? ஆடி எப்போது பிறக்கும் என்று பஞ்சாங்கத்தில் போட்டிருக்கிறது. மஞ்சள் துணி கட்டிக் கூட்டமாக வருகிறவர்களைத் தேநீர்க் கடைக்காரர் தெரிந்து வைத்திருக்கிறார், நீர்மோர்ப் பந்தல் போடுகிறவர் தெரிந்து வைத்திருக்கிறார். தெரியாதது சாலைக்குச் சொந்தக்காரர்களுக்கு மட்டும்தான்.

மேலே சொன்ன அதே பெட்டிகளை எடுத்து அம்புக்குறியைத் திருப்பிப் போடுங்கள். குழுத் தலைவர் போனில் படம் எடுத்து அனுப்புகிறார்: இந்த இடத்தில் விளக்கு இல்லை, நாற்பது பேர் நடக்கிறோம். படம் கிடங்கில் ஏறுகிறது. கிடங்கு குரல் கொடுக்கிறது. நடுப்பெட்டி அதை நெடுஞ்சாலை ரோந்து வண்டிக்கும் டோல்கேட்டுக்கும் தள்ளுகிறது. வண்டி ஓட்டுகிறவனுக்கு மெசேஜ் அனுப்பிவிடாதீர்கள், அதைப் பார்த்துக்கொண்டே இடிப்பான். டோல்கேட் தடுப்பு தூக்குவதற்கு முன் பலகையில் பெரிய எழுத்தில் காட்டினால் போதும்: முன்னால் ஆட்கள் நடக்கிறார்கள், மெதுவாகப் போ. அதே கருவி, அதே ஒரு பிற்பகல் வேலை. அமைச்சர் படத்துக்கு ஆகிற செலவுக்கு மேல் ஒரு பைசா ஆகாது.

ஆனால் கடைசிப் பெட்டியில் ஒரு எண் எழுத வேண்டும். படம் வந்ததும் எழுந்து போக வேண்டிய ஆளின் எண். அங்கேதான் எல்லாருக்கும் இருமல் வரும். சாலை மத்திய அரசு. கோவில் அறநிலையத் துறை. இடம் தஞ்சாவூர் மாவட்டம். செத்தவர்கள் புதுக்கோட்டை மாவட்டம். அம்மன் திருச்சி மாவட்டம். இத்தனை பேருக்கு நடுவில் ஒரு எண்ணை யாரிடம் கேட்பது?

தைப்பூசத்தன்று ஸ்ரீரங்கத்து அண்ணன் சமயபுரத்துத் தங்கைக்குக் கொள்ளிடக் கரையில் சீர் கொடுக்கிறார். அவர் பெருமாள், அவள் மாரி. நடுவில் ஓர் ஆறே ஓடுகிறது. எல்லைக் கடிதம் எழுதி யாரும் சீரைத் திருப்பி அனுப்பியதாகக் கேள்விப்பட்டதில்லை.

வளம்பக்குடி விஷயத்தில் மட்டும் ஒன்று, எந்த எல்லையிலும் முட்டாமல், எந்தத் துறையிலும் தேங்காமல் வந்து சேர்ந்தது. இரங்கல் அறிக்கை. ஆழ்ந்த வருத்தம், மிகுந்த வேதனை, நிவாரண நிதி. ஊர், பெயர், எண்ணிக்கை என்று மூன்று இடம் காலி. நிரப்பினால் போய்க்கொண்டே இருக்கும். ஒரு வரிகூட நிரல் எழுதாமல் எத்தனையோ ஆட்சியாக இங்கே பழுதில்லாமல் ஓடுகிற தானியங்கி அது ஒன்றுதான்.