யூனிட்டண்ணன்

நேரில் ‘அண்ணா’, கதவைச் சாத்திக்கொண்ட பிறகு ‘யூனிட்டண்ணன்’. லைன் வீட்டில் குடியிருந்தவர்களுக்கு இதற்கு மேல் அவரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. பல்லடத்தில் குடியிருந்தவர்கள் அவர் பல்லடத்தில் இருப்பதாகச் சொல்வார்கள்; அவிநாசிக்காரர்கள் அவிநாசி என்பார்கள். எனக்கு வாய்த்தவர் மடத்துக்குளத்தில் இருக்கிறார்.

வளவுக்குள் நுழைந்ததும் இடதுகைப் பக்கச் சுவரில் ஒரு மரப்பலகை. பலகையில் வரிசையாக ஆறு சப்-மீட்டர், வீட்டுக்கு ஒன்று. மின்வாரியத்தின் அசல் மீட்டர் வெளியே கம்பிக் கூண்டுக்குள் பூட்டோடு இருக்கிறது. சாவி அண்ணன் இடுப்பில். சப்-மீட்டர் ஒவ்வொன்றிலும் மிளகு அளவில் ஒரு சிவப்பு லைட்டு. கரன்ட் ஓடினால் சிமிட்டும். 3200 தடவை சிமிட்டினால் ஒரு யூனிட் என்று மீட்டரின் முகத்திலேயே அச்சடித்திருக்கிறது. எத்தனையோ பேர் இதைப் படித்திருப்பார்கள். படித்துவிட்டு ஒரு பிளாஸ்டிக் சேரை இழுத்துப் போட்டு அதற்கு எதிரே உட்கார்ந்தவர் இவர் ஒருவராகத்தான் இருக்கும்.

ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் மாடியிலிருந்து இறங்கி வருவார். ஒரு கையில் டார்ச், மறு கையில் பல்குத்தும் குச்சி. மணிக்கட்டில் விநாடி முள் உள்ள பழைய வாட்ச். உட்கார்ந்தால் பத்து மணி வரை எழமாட்டார். சிமிட்டுகிற வேகத்தை வைத்து எந்த வீட்டில் எது ஓடுகிறது என்று சொல்லிவிடுவார். 75 வாட்ஸ் ஃபேன் என்றால் 15 விநாடிக்கு ஒரு சிமிட்டு. இஸ்திரிப் பெட்டி என்றால் விநாடிக்கு ஒன்று. 9 வாட்ஸ் எல்.இ.டி. பல்பு மட்டும் எரிந்தால் இரண்டு நிமிஷத்துக்கு ஒன்று. இதெல்லாம் நான் பிறகு காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். மனிதர் சொன்னது ஒன்றுகூடத் தப்பில்லை. பத்தாம் வகுப்பைத் தாண்டாதவர், உட்கார்ந்த இடத்திலிருந்து நம் சமையலறைக்குள் போய் வருகிறார்.

“ரெண்டாம் நம்பரு அம்மிணி, சட்டினி போதுமுங்க! அது எப்பவோ மசிஞ்சிருக்கும்!”

உள்ளே மிக்ஸி நிற்கும். சிவப்பு லைட்டும் ஓய்ந்து, பெருமூச்சு விட்டதுபோல 15 விநாடிக்கு ஒன்று என்று இறங்கும். அண்ணன் முகத்தில் ஒரு நிம்மதி தெரியும்.

மூன்றாம் நம்பரில் பையனுக்கு யூனிபாரம் தேய்த்தால், “ஏனுங்க, நாளைக்கு ஞாயித்துக்கெழமதானுங்களே?” என்று குரல் வரும். ஐந்தாம் நம்பரில் புதிதாகக் கல்யாணமான ஜோடி; எட்டரைக்கே விளக்கை அணைத்துவிடுவார்கள். அவர்களைப் பற்றி அண்ணன் வளவு முழுக்கச் சொல்லிப் பெருமைப்பட்டார்: “ரொம்பச் சிக்கனமான புள்ளைங்க.” அந்தப் பெண் ஒரு வாரம் யார் முகத்தையும் பார்க்காமல் தண்ணீர் பிடித்தது.

செல்போன் சார்ஜர்தான் அவருக்குச் சவால். 5 வாட்ஸ் சார்ஜர் ஒருமுறை சிமிட்ட ஏறக்குறைய நாலு நிமிஷம் பிடிக்கும். அதை உறுதிசெய்ய வேண்டுமென்றால் வேறெதுவும் ஓடாத வீட்டின் மீட்டரை நாலு நிமிஷம் கண்கொட்டாமல் பார்க்க வேண்டும். பார்ப்பார். கொசு கடித்தாலும் கையை ஓங்கமாட்டார். சிமிட்டியதும், யாருக்குச் சொல்கிறார் என்று தெரியாது, “ம்... போட்டுட்டாங்க” என்பார்.

ஒன்றாம் நம்பர் அக்கா கதைதான் பாவம். பனியன் கம்பெனி வண்டியில் போய்வந்து முதுகு ஒடிந்ததால் வீட்டிலேயே பவர் டேபிள் போட்டு பீஸ்ரேட்டுக்குத் தைக்கிறார். காலால் மிதித்தால் லைட்டு ஓடும், எடுத்தால் நிற்கும். அண்ணன் அதைப் பார்த்தே இன்றைக்கு எத்தனை டஜன் முடிந்திருக்கும் என்று கணக்கு வைத்துக்கொள்வார். “ஆர்டர் மந்தமாட்ட இருக்குதே, அக்கா?” என்று விசாரிப்பார். வேகமாக ஓடிய வாரம் என்றால், வாரச் சம்பளம் கைக்கு வரும் சனிக்கிழமை சாயங்காலம் சரியாக வாசலில் நிற்பார், பழைய பாக்கிக்கு. அந்த அக்காவுக்கு வேலை கொடுக்கிற காண்ட்ராக்டருக்கே இவ்வளவு துல்லியமாகத் தெரியாது.

பில் வருகிற நாளில் இந்த நாற்காலித் தவம் கலையும். சித்திரை, வைகாசிக் கணக்கு வந்த அன்று பாருங்கள். மின்வாரியத்தின் குறுஞ்செய்தி அவர் போனுக்கு வரும். படித்ததும் நெஞ்சைத் தடவிக்கொண்டு ஒன்றாம் நம்பரிலிருந்து ஆரம்பிப்பார். ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்து மூடிப் பார்ப்பார், ரப்பரை அமுக்கிப் பார்ப்பார். கொடியில் காயும் துணியை எண்ணுவார். பக்கெட்டுக்குள் போடும் வாட்டர் ஹீட்டர் கண்ணில் பட்டுவிட்டால் போச்சு: “நாங்கெல்லாம் மார்கழியிலயும் அமராவதி ஆத்துல குளிச்சவீங்க.” ஃபேன் சுற்றினால், “பாலக்காட்டுக் காத்து சும்மா வருது, சன்னலைத் தெறந்தா என்னுங்க?” என்பார். காற்று வருவது உண்மைதான். இங்கிருந்து உடுமலை, குடிமங்கலம் பக்கம் போனால் கணவாய்க் காற்றை நம்பி நட்ட காற்றாடிகள் காடு காடாக நிற்கின்றன. ஆனால் சன்னலைத் திறந்தால் அந்தக் காற்றோடு ஆயக்கட்டு வயல் கொசு அத்தனையும் வரும். கொசுவர்த்தி மெஷின் போட்டால் அதுவும் சிமிட்டும்.

பி.எல்.டி.சி. ஃபேன் 28 வாட்ஸ்தான் இழுக்கும், வாங்கி மாட்டுங்கள் என்று யோசனையும் சொல்வார். மாட்டினோம். “காலி பண்றப்ப கழட்டாதீங்க, சீலிங் பேந்துரும்” என்று மாட்டிய அன்றே சொல்லிவிட்டார்.

அவருடைய பொற்காலம் 2012. கொங்கு நாட்டில் ஒரு நாளில் பாதிக்கு மேல் கரன்ட் இல்லாமல் மில்லும் தறியும் படுத்துக் கிடந்த காலத்தை, பெற்ற தாயை நினைப்பதுபோல் நினைப்பார். “அப்ப பில்லு என்ன வந்துச்சுங்கறீங்க!” என்று தொடங்கினால் அரைமணி நேரம்.

இவ்வளவு பார்த்தாலும் கடைசியில் ஆறு சப்-மீட்டரின் கூட்டுத்தொகையும் அசல் மீட்டரின் கணக்கும் ஒத்துப்போகாது. அசல் கூடுதலாகவே இருக்கும். ஏனென்றால் தண்ணீர்த் தொட்டிக்கு ஏற்றும் மோட்டார், நடைபாதை விளக்கு, அவர் கார் நிற்கும் ஷெட்டின் விளக்கு எல்லாம் எந்த சப்-மீட்டரிலும் சேராமல் நேராக அசலில் ஓடுகின்றன. இந்த வித்தியாசத்துக்கு அவர் வைத்திருக்கும் பெயர் ‘லாஸ்’. ஆறால் வகுத்து எல்லார் தலையிலும் போடுவார். எதிர்த்துக் கேட்டால், “மின்வாரியத்துக்கே லாஸ் வருது, எனக்கு வராதுங்களா?” என்பார். இதற்குப் பதில் எனக்கு இன்னும் தோன்றவில்லை.

நாலாம் நம்பரில் ஒரு பெரியவர் தனியாக இருக்கிறார். கிருஷ்ணாபுரம் கூட்டுறவுச் சர்க்கரை ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு நாள் ராத்திரி அண்ணன் வழக்கம்போல் உட்கார்ந்திருந்தவர், திடீரென்று எழுந்து போய் அவர் கதவைத் தட்டினார். “எட்டு மணிக்கு டி.வி. போடுவாருங்க. லைட்டு அசையவே இல்லை.” கதவை நெம்பித் திறந்து பார்த்தால் பெரியவர் குளியலறையில் விழுந்து கிடக்கிறார். அண்ணன் தன் காரிலேயே தூக்கிப் போட்டுக்கொண்டு உடுமலை அரசு ஆஸ்பத்திரிக்குப் போனார். விடிய விடிய பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சுவருக்கு இந்தப் பக்கம் நாங்கள் ஐந்து குடும்பம் இருந்தோம், ஒருவருக்கும் தெரியவில்லை. மிளகளவு லைட்டைப் பார்த்தவருக்குத் தெரிந்தது. அதன் பிறகு ஒரு மாதத்துக்கு அவரை யாரும் யூனிட்டண்ணன் என்று சொல்லவில்லை. அடுத்த பில்லில், ஆஸ்பத்திரியில் கிடந்த பெரியவர் பேருக்கும் ‘லாஸ்’ போட்டிருந்தார். பழைய பெயர் திரும்பி வந்தது.

சிரித்தது போதும். கணக்கைச் சொல்லிவிடுகிறேன்.

2016 மே 23 அன்று ஜெயலலிதா முதலமைச்சராகப் பதவியேற்றதும் போட்ட முதல் கையெழுத்துகளில் ஒன்று, வீட்டு இணைப்புகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது. அந்த நூறு ஆளுக்கோ குடும்பத்துக்கோ இல்லை, இணைப்புக்கு. எங்கள் வளவில் ஆறு குடும்பத்துக்கும் சேர்த்து ஒரே இணைப்பு, அதனால் ஒரே நூறு. அந்த நூறும் எங்கள் வாசல் வரைக்கும் வந்ததில்லை, கம்பிக் கூண்டுக்குள்ளேயே நின்றுவிடுகிறது. எங்களுக்கு முதல் யூனிட்டிலிருந்தே ஒன்பது ரூபாய்.

2022 செப்டம்பரில் வந்த கட்டணத்தை எடுத்துக்கொள்வோம். (2024 ஜூலையில் இன்னும் கொஞ்சம் ஏறியது. அதை விடுங்கள், இதுவே போதும்.) 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய். 501 ஆகிவிட்டால் 1,958. ஐந்நூற்றைத் தாண்டினால் 101 முதல் 200 வரையிலான சலுகை விலையும் கையைவிட்டுப் போய்விடுகிறது. அந்த ஒற்றை யூனிட்டின் விலை 233 ரூபாய். தனிக் குடித்தனமாக இருந்தால் பார்த்துப் பார்த்து ஐந்நூறுக்குள் அடங்கலாம். ஆறு வீட்டின் கரன்ட் ஒரே மீட்டரில் ஓடினால் முதல் மாதம் முடிந்த கையோடு ஐந்நூறு போயே போச்சு. அப்புறம் எட்டு ரூபாய், ஒன்பது ரூபாய், பத்து ரூபாய் என்று படி ஏறிக்கொண்டே போகும். சட்னியைப் பாதியில் நிறுத்தியா அதை இறக்க முடியும்?

இரண்டு மாதத்துக்கு வீட்டுக்கு 150 யூனிட் என்று வையுங்கள். ஃபேன், லைட்டு, மிக்ஸி, சின்ன ஃப்ரிட்ஜ். இதில் ஆடம்பரம் ஒன்றுமில்லை. தனி இணைப்பு இருந்தால் ஒரு வீட்டுக்கு 112 ரூபாய் 50 காசு. ஆறு வீட்டுக்கும் சேர்த்து 675 ரூபாய். அதே 900 யூனிட் ஒரே மீட்டரில் ஓடினால் 5,550. அண்ணன் எங்களிடம் வாங்குவது 8,100. மின்சாரத்தை வாங்கி விற்க 2003ஆம் வருஷத்து மின்சாரச் சட்டம் உரிமம் கேட்கிறது. வீட்டுக்காரருக்கு அது பொருந்துமா என்பதை வக்கீல்களிடம் விடுகிறேன். ஆனால் 675 ரூபாயில் முடிய வேண்டியதற்கு 8,100 கொடுத்துவிட்டு, ‘மிக்ஸியை ஏன் போட்டாய்’ என்று திட்டும் வாங்குவது எந்த ஊர் நியாயம்? பவர் டேபிளில் ராத்திரி வரைக்கும் உட்காருகிற அக்கா, அந்த மிஷின் ஓட்ட வாங்கும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் சேர்த்துத்தான் தைக்கிறார்.

வீட்டுக்கு ஒரு இணைப்பு வாங்குவதில் அண்ணனுக்கு ஒரு பயம் உண்டு. 2022 நவம்பரில் மின் இணைப்போடு ஆதாரைச் சேர்க்கச் சொன்னார்கள். குடியிருப்பவர் ஆதாரைச் சேர்த்தால் வீடே அவர் பெயருக்குப் போய்விடும் என்று யாரோ டீக்கடையில் கிளப்பிவிட்டார்கள். அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை என்று அரசாங்கமே விளக்கம் சொல்லியும் அண்ணனுக்குத் தூக்கம் வரவில்லை. மீட்டர் கூண்டுக்கு இரண்டாவது பூட்டு வந்தது அப்போதுதான்.

போன பில்லுக்குப் பிறகு, மேலே சொன்ன கணக்கை ஒரு காகிதத்தில் எழுதி எடுத்துக்கொண்டு ஆறு வீட்டிலிருந்தும் மாடியேறினோம். மரியாதையாகத்தான் கேட்டோம். “அண்ணா, வீட்டுக்கு ஒரு சர்வீஸ் வாங்கிக் குடுத்தீங்கன்னா எல்லாருக்கும் நல்லதுங்க.” அவர் கண்ணாடியை எடுத்து மாட்டினார். ஒவ்வொரு வரியாக விரலை வைத்துப் படித்தார். இரண்டு இடத்தில் வாய்க்குள் பெருக்கிப் பார்த்தார்.

“கணக்கு சரிதானுங்க” என்றார்.

எங்களுக்கே நம்ப முடியவில்லை.

“வாங்கிரலாமுங்க. டெபாசிட்டு, வயரிங்கு, புது போர்டு... எல்லாம் நானே போடறேன். வாடகை மட்டும் மாசம் ஆயிரம் ஏத்தோணும்.”

சொல்லிவிட்டுக் காகிதத்தைத் திருப்பிப் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினார். இப்போது இரண்டு மாதத்துக்கு 150 யூனிட், ஒன்பது ரூபாய் மேனிக்கு 1,350. தனி இணைப்பு வந்தால் பில் 112 ரூபாய் 50 காசு, கூடுதல் வாடகை 2,000. ஆக 2,112 ரூபாய் 50 காசு. வீட்டுக்கு 762 ரூபாய் 50 காசு அதிகம். எழுதுகிறபோது பேனா எங்கேயும் நிற்கவில்லை. இந்தக் கணக்கு அவரிடம் ரொம்ப நாளாகத் தயாராக இருந்திருக்கிறது.

“உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். இப்படியே இருக்கட்டுமுங்க.”

இறங்கும்போது ஒன்றாம் நம்பர் அக்காவை மட்டும் கூப்பிட்டு நிறுத்தினார். யூனிட்டைப் பத்து ரூபாயாக ஆக்கலாம் என்று இருந்தாராம். எல்லாரும் மெனக்கெட்டு மாடியேறி வந்ததால் ஒன்பதரையோடு விட்டுவிட்டாராம்.