அடிக்கணக்கும் தலைக்கணக்கும்

முல்லைப் பெரியாறு அணையில் இன்று எத்தனை அடித் தண்ணீர் என்று கம்பத்து டீக்கடையில் கேட்டுப் பாருங்கள். டீ ஆற்றுகிறவரே புள்ளி பிசகாமல் சொல்வார். 136 அடியா, 142 அடியா என்று தமிழ்நாடும் கேரளமும் உச்ச நீதிமன்றம் வரை மல்லுக்கட்டின. 2014-இல் அரசியல் சாசன அமர்வே உட்கார்ந்து 142 என்றது. ஒவ்வோர் அடிக்கும் வக்கீல் உண்டு, பொறியாளர் உண்டு, கண்காணிப்புக் குழு உண்டு. அதே தண்ணீரில் மிதக்கிற படகில் எத்தனை தலை என்று பார்க்கத்தான் நாதியில்லை.

2009 செப்டம்பர் 30, சாயங்காலம். அந்த அணைத் தண்ணீர் தேங்கும் தேக்கடியில் ‘ஜலகன்யகா’ என்ற இரண்டடுக்குப் படகு கவிழ்ந்து 45 பேர் செத்தார்கள். திருட்டுப் படகல்ல, கேரளச் சுற்றுலா வளர்ச்சிக் கழகமே ஓட்டியது. பிணங்களை எடுத்து முடிக்குமுன் காரணம் தயார்: கரையில் விலங்கைக் கண்டு பயணிகள் ஒரே பக்கம் ஓடிவிட்டார்களாம். அடடா! விலங்கு பார்க்க வாருங்கள் என்று கூப்பிட்டார்கள், காசு வாங்கினார்கள், மாடியில் ஏற்றினார்கள். விலங்கு வந்ததும் எட்டிப் பார்த்தது மட்டும் செத்தவன் செய்த குற்றம்! காட்டெருமைக்குச் சம்மன் அனுப்பாததுதான் பாக்கி. உடம்பில் லைஃப் ஜாக்கெட் இல்லாமல் ஏன் ஏற்றினாய் என்ற கேள்வி அப்புறம்தான் வந்தது.

விசாரணை ஆணையத்துக்கு மட்டும் கேரளத்தில் தட்டுப்பாடே கிடையாது. 2002-இல் குமரகத்தில் படகு விபத்தில் செத்தது 29 பேர்: நீதிபதி நாராயண குருப். 2007-இல் தட்டேக்காட்டில் சுற்றுலா போன பள்ளிப் பிள்ளைகளும் ஆசிரியர்களுமாக 18 பேர்: நீதிபதி பரீத் பிள்ளை. தேக்கடிக்கு நீதிபதி மொய்தீன் குஞ்ஞு. 2023-இல் தானூரில், மீன்பிடிப் படகை உல்லாசப் படகாக மாற்றி ஓட்டியதில் 22 பேர்: நீதிபதி மோகனன். முதல் அறிக்கையை ஒழுங்காகப் படித்திருந்தால் நாலாவது நீதிபதிக்கு வேலை இருந்திருக்காது.

மலையாளியைத் திட்ட வாகான இடம் கிடைத்ததென்று நாம் மீசையை முறுக்க வேண்டாம். 2011 கிறிஸ்துமஸ் அன்று நம் பழவேற்காடு ஏரியில் உல்லாசமாகப் போன குடும்பத்தார் 22 பேர் மூழ்கினார்கள். ஏறியது மீன்பிடிப் படகு. அளவுக்கு மீறிய கூட்டம். தானூரில் செத்ததும் அதே 22. அலட்சியத்தில் மட்டும் இரண்டு மாநிலத்துக்கும் எந்தத் தாவாவும் இல்லை.

நம் வீட்டு லட்சணத்தையும் பாருங்கள். லீவு விட்டால் புளியோதரை கட்டிக்கொண்டு குமுளி மலையேறுகிறோம். படகில் உட்கார்ந்ததும், “போட்டோல மூஞ்சியே தெரியல, அதக் கழட்டுடா” என்று பிள்ளையின் ஜாக்கெட்டை உருவுகிறவர் வேறு யாருமில்லை, பெற்ற அப்பன். வாரைச் சரியாகப் போடச் சொல்லும் ஊழியரிடம், “நாங்க பாக்காத தண்ணியா?” என்று சவடால் வேறு. தேக்கடியில் செத்த 45 பேரும் அதே தண்ணீரைத்தான் பார்த்தார்கள்.

அரசு எண்ணாது, நீங்களாவது எண்ணுங்கள். எத்தனை பேருக்கு அனுமதி என்று படகிலேயே எழுதியிருக்கும். அதற்கு மேல் ஒரு தலை இருந்தாலும், பிள்ளைக்குப் பொருந்துகிற ஜாக்கெட் இல்லையென்றாலும் இறங்கிவிடுங்கள். டிக்கெட் காசு போனால் போகட்டும். நிவாரணத் தொகைப் பட்டியலில் பெயர் வருவதைவிட அது லாபம்.