ரெண்டு கண்ணால பார்த்த மாப்ளைக்கு

வாய்யா மாப்ளே, உக்காரு. நேத்துப் பஞ்சாயத்துல நீ பேசினதைக் கேட்டேன். கிழக்கால வீட்டு மாடுதான் சோளத்தை மேஞ்சுச்சு, "என் ரெண்டு கண்ணால பார்த்தேன்"னு நெஞ்சுல அடிச்சுச் சொன்ன பாரு, எனக்கே கண்ணு கலங்கிருச்சு. உனக்குப் புத்தி சொல்ல எனக்கென்ன தகுதி? ஊர்ப்புற நூலகத்துக்கு நான் போறதே ஃபேனுக்குக் கீழ தூங்கத்தான். ஆனாலும் முழிச்சிருக்கிற நேரத்துல ஒண்ணு ரெண்டைப் படிச்சுத் தொலைச்சிட்டேன்.

முதல்ல ஒரு காரியம் பண்ணு. ரெண்டு கையையும் நேரா நீட்டி, கட்டைவிரல் ரெண்டையும் ஒட்டினாப்ல நிமித்தி வை. இடது கண்ணை மூடு. வலது கண்ணால இடது கட்டைவிரலையே பாரு. எதிர்வீட்டு மாடியைப் பார்க்காத. இப்ப வலது விரலை மட்டும் மெள்ள வலப்பக்கமா நகட்டு. ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறையப் போனதும் விரல் நுனி காணாமப் போகும். போச்சா? பதறாத, யாரும் வெட்டிக் கொண்டுபோகலை. விழித்திரையில இருந்து நரம்பெல்லாம் கட்டாச் சேர்ந்து மூளைக்குக் கிளம்புற இடத்துல ஒளியை வாங்குற செல்லே கிடையாது. எட்மே மரியாட்னு பிரான்சுக்காரர் ஒருத்தர் 1660-கள்ல இதைக் கண்டுபிடிச்சு எழுதினார். இங்கிலாந்து ராஜா ரெண்டாம் சார்லஸ் இந்த வித்தையை வச்சுச் சபையில இருந்தவங்க தலையையெல்லாம் மறைய வச்சு வேடிக்கை பார்த்தார்னு ஒரு கதை உண்டு. அவங்கப்பா தலையை 1649-ல நெசமாவே வெட்டிட்டாங்க. மகன் செலவில்லாம முடிச்சுக்கிட்டார். நீயும் பத்தடி தள்ளி உக்காந்து என் தலையில சோதிச்சுப் பாரு. அந்தத் தூரத்துக்கு ஒரு மனுசன் தலை அந்தப் பொத்தல்ல தாராளமா அடங்கும். பல நாள் ஆசைதானே உனக்கு?

வேடிக்கை, தலை மறையிறதுல இல்லை மாப்ளே. மறைஞ்ச இடத்துல பொத்தல் தெரியலையே, அதுலதான் இருக்கு. பின்னால இருக்கிற சுவரு அங்கயும் தொடர்ந்தாப்ல தெரியும். உன் மூளை ஒரு பழைய கணக்கப்பிள்ளை. பேரேட்டுல ஒரு வரி விட்டுப்போச்சுன்னா 'தெரியலை'ன்னு எழுதுற பழக்கம் அவருக்கு இல்லை. அக்கம்பக்கத்து வரியைப் பார்த்து, அதே கையெழுத்துல நிரப்பிருவார். நீ கீழ ஒப்பம் வச்சுட்டுப் பஞ்சாயத்துக்குக் கிளம்பிருவ.

நீட்டின கையில கட்டைவிரல் நகம் எம்புட்டு இருக்கு? நமக்குத் துல்லியமாத் தெரியிறது ஏறக்குறைய அம்புட்டு இடந்தான், மத்ததெல்லாம் மங்கல். அதனாலதான் கண்ணு விநாடிக்கு மூணு தடவை வாக்குல தாவித் தாவி மேயுது. மாட்டைச் சொல்லலை, கண்ணைச் சொல்றேன். தாவுற நேரத்துக் குழப்பத்தை மூளை அமுக்கிருது. நம்பலையா? தெனமும் கண்ணாடி முன்னால அரைமணி நேரம் நிக்கிறயே, அப்ப உன் இடது கண்ணையும் வலது கண்ணையும் மாத்தி மாத்திப் பாரு. கண்ணு அசையிறது உனக்கு ஒருக்காலும் தெரியாது. பக்கத்துல நிக்கிற எந்தங்கச்சிக்கு, அதான் உங்கம்மாவுக்கு, நல்லாத் தெரியும். பிள்ளைக்கு என்னமோ ஆயிப்போச்சுன்னு பூசாரி வீட்டுக்கு ஓடுவா.

ஆனா அவ விவரமானவ. ஜவுளிக்கடை விளக்கை நம்பமாட்டா. சேலையை வாசலுக்குக் கொண்டாந்து பகல் வெளிச்சத்துல விரிச்சுப் பார்ப்பா. 2015-ல இணையத்துல ஒரே ஒரு கவுன் படம் வந்து ஊரு உலகத்தை அடிச்சுக்க வச்சதே, ஞாபகமிருக்கா? ஒரு கூட்டம் நீலமும் கறுப்பும்னுச்சு, இன்னொரு கூட்டம் வெள்ளையும் தங்கமும்னுச்சு. கவுன் உள்ளபடியே நீலமும் கறுப்பும்தான். அது நிழல்ல இருக்குன்னு யூகிச்ச மூளை, நிழலோட நீலத்தைக் கழிச்சுட்டு வெள்ளைன்னு எழுதிருச்சு. ரெண்டு கூட்டமும் ரெண்டு கண்ணால பார்த்ததுகதான்.

"நான் உன்னிப்பாப் பார்த்தேன் மாமா"ங்கிற. அங்கதான் வினையே. 1999-ல டேனியல் சைமன்ஸ், கிறிஸ்டோபர் சாப்ரிஸ்னு ரெண்டு பேர் ஒரு படம் போட்டுக் காட்டினாங்க. வெள்ளைச் சட்டைக்காரங்க பந்தை எத்தனை தடவை கைமாத்துறாங்கன்னு எண்ணச் சொன்னாங்க. நடுவுல கொரில்லா வேசம் கட்டின ஆளு நடந்து போகுது. ஏறக்குறையப் பாதிப்பேருக்குக் கொரில்லா கண்ணுலயே படலை. உன்னிப்பா எண்ணினவங்க கதியே இதுன்னா, அன்னிக்கு வரப்புல நின்னு போனைத் தடவிக்கிட்டே மாட்டைப் பார்த்தவன் நீ.

இன்னொண்ணு. பிரசிடெண்டு உங்கிட்ட எப்படிக் கேட்டார்? "அந்தத் திருட்டு மாடு மேஞ்சதைப் பார்த்தியா?"ன்னுதானே? அமெரிக்காவுல எலிசபெத் லாஃப்டஸ்னு ஒரு அம்மா, கூட ஒருத்தரைச் சேர்த்துக்கிட்டு 1974-ல ஒரு கார் விபத்துப் படத்தைக் காட்டி, "கார் முட்டினப்ப என்ன வேகம்?"னு ஒரு கூட்டத்துக்கிட்டயும், "நொறுக்கினப்ப என்ன வேகம்?"னு இன்னொரு கூட்டத்துக்கிட்டயும் கேட்டாங்க. நொறுக்கினவங்க வேகத்தைக் கூட்டிச் சொன்னாங்க. ஒரு வாரம் கழிச்சு, உடைஞ்ச கண்ணாடியைப் பார்த்தீங்களான்னு கேட்டா, முட்டின கூட்டத்துல 50 பேருக்கு 7 பேரும், நொறுக்கின கூட்டத்துல 50 பேருக்கு 16 பேரும் ஆமாம்னாங்க. படத்துல கண்ணாடி உடையவே இல்லை.

சரி, மாட்டை விடு. வர்ற ஞாயித்துக்கிழமை பொண்ணு பார்க்கப் போறியாமே? திரும்பி வந்ததும் மாநிறமா செவப்பான்னு வீட்டுல கேப்பாங்க. ட்யூப்லைட்டுக்குக் கீழ அஞ்சு நிமிசம் பார்த்துட்டு அதுக்குப் பதில் சொல்லித் தொலைக்காத. போனைப் பையில வச்சுட்டு அந்தப் பிள்ளைகிட்ட நாலு வார்த்தை பேசு. அதுவும் உன்னைப் பார்க்கத்தான் உக்காந்திருக்கும். வாயைத் திறக்காம இருந்தேன்னா, உன்னைப் பத்தி விட்டுப்போன வரியையெல்லாம் அது வீட்டுக் கணக்கப்பிள்ளை அவர் இஷ்டத்துக்கு நிரப்பிருவார்.