நிக்கற வண்டிக்கு நீடிச்ச ஆயுசு

மாப்ளே, காருக்குப் பேட்டரி வாங்கோணும், வருசக்கணக்குல தாங்கறதாப் பாத்துச் சொல்லுங்க மாமான்னு கேட்டயில்ல, ரொம்பச் சந்தோசம். உங்க அப்பாரு வெச்சிட்டுப் போன மார்க்-3 அம்பாசடரை நீ வருசத்துக்கு மூணு தரமோ நாலு தரமோ வெளிய எடுக்கறே. ஆயுத பூசைக்குக் கழுவி, சந்தனம் வெச்சு, எலுமிச்சம்பழத்து மேல ஏத்தி எறக்கறது ஒண்ணு. சொந்தத்துல கல்யாணம்னா மாப்பிள்ளை அழைப்புக்குத் தாட்டி விடறது ஒண்ணு. புதுச் சட்டை போட்டுக்கிட்டுப் பானெட்டு மேல சாஞ்சு போட்டோ எடுத்து வாட்சப்புல போடறது ஒண்ணு. மத்த நாளெல்லாம் வண்டி போர்வை போத்திக்கிட்டுத் தூங்குது. இந்தச் சோலிக்கு நீடிச்சு உழைக்கற பேட்டரி வேணுங்கறே. உழைச்சாத்தானே சாமி நீடிக்கறதுக்கு?

முதல்ல ஒண்ணைத் தெரிஞ்சுக்கோ. பேட்டரி ஓடித் தேயறதை விட நின்னு சாகறதுதான் எச்சு. கட்டுத்தறியிலயே நிக்கற காளைக்குத் தீவனம் எவ்வளவு போட்டாலும் காலு வெளங்காமப் போறாப்பல. உள்ளார இருக்கறது ஈயத் தகடும் கந்தக அமிலமும். நீ தொடாம விட்டாலும் அது தானா சார்ஜை எறக்கிக்கிட்டே இருக்கும். வெக்கை பத்து டிகிரி ஏறினா எறங்கற வேகமும் கிட்டத்தட்ட ரெட்டிப்பாயிரும். நீ வண்டி நிறுத்தியிருக்கறது தகரக் கொட்டாய். சித்திரை மாசத்து மத்தியானம் உள்ளார போயி நின்னு பாரு, உனக்கே சார்ஜ் எறங்கிரும்.

எறங்கினதை உடனே ஏத்திட்டா பெருசாத் தோசமில்லை. ஏத்தாம விட்டா, தகட்டு மேல ஈய சல்பேட்டு படிகமா ஒறைஞ்சு கெட்டியாயிரும். அப்பறம் எந்தச் சார்ஜர் போட்டாலும் பழையபடி கரையாது. நல்லா நெறைஞ்ச பேட்டரி, சில மணி நேரம் ஓய்வுல இருந்தப்பறம் மீட்டர் வெச்சா 12.6, 12.7 வோல்ட் காட்டும். 12.4-ன்னா முக்கால்வாசி. 12.2-ன்னா பாதி. 12-ன்னா கால்வாசிதான் மிச்சம். 12.4-க்குக் கீழ வாரக்கணக்குல கெடந்தா, அந்தப் பேட்டரிக்குப் பத்திரிகை அடிக்கலாம், கருமாதிப் பத்திரிகை.

தானா எறங்கறது போதாதுன்னு நீ வேற ஒரு ஓட்டையைப் போட்டு வெச்சிருக்கே. அப்பாரு காலத்துல அந்த டேஷ்போர்டுல என்ன இருந்துச்சு? ஒண்ணும் இல்லை. நீ புளூடூத்து ஸ்டீரியோ மாட்டினே. திருடன் தள்ளிக்கிட்டுப் போயிருவான்னு அலாரமும் மாட்டினே. தள்ளறதுக்கு நாலு ஆளு வேணும்கறது திருடனுக்குத் தெரியும், உனக்குத்தான் தெரியலை. இதெல்லாம் சேந்து 50 மில்லி ஆம்பியர் குடிக்குதுன்னு வெச்சுக்கோ. ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர் அவர், ஒரு மாசத்துக்கு 36. உன்ற பேட்டரி 45 ஆம்பியர் அவர்னா, கூட்டிக் கழிச்சுப் பாரு. பாட்டுக் கேக்காமலே பேட்டரி தீந்து போற வித்தையை எங்கய்யா கத்துக்கிட்டே?

அடுத்தது, எப்பவாச்சும் ஒரு ஞாயித்துக்கெழமை நீ பண்ற பூசை. ஸ்டார்ட் பண்ணி, ஊட்டு முன்னாலயே பத்து நிமிசம் உறும விட்டு, தெருவெல்லாம் பொகையாக்கி, சார்ஜ் ஏறிப் போச்சுன்னு ஆஃப் பண்ணிட்டுப் போறே. அந்த வண்டியில இன்னும் பழைய டைனமோதான் இருந்துச்சுன்னா, ஐடிலிங்குல அது ஒண்ணும் பெருசாக் குடுக்காது. சார்ஜ் காட்டற சிவப்பு லைட்டு மினுக்குமினுக்குங்கறது உனக்குக் கண்ணடிக்கறதுன்னு நெனச்சியா? பழைய வண்டி நாள் கழிச்சுக் கெளம்பறப்ப கார்புரேட்டர் கிண்ணத்துல பெட்ரோலு ஆவியாகி வத்திப் போயிருக்கும். அது திரும்ப நெறையற வரைக்கும் செல்ஃப் சுத்தோணும், சுத்தற நேரமெல்லாம் நூறு ஆம்பியருக்கு மேல இழுக்கும். பம்புல கையால அடிக்கற லிவர் இருந்தா, முதல்ல அதை நாலு அடி அடிச்சிட்டு அப்பறம் சாவியைத் தொடு. எடுத்ததைத் திரும்ப வெக்கோணும்னா ரோட்டுல முக்கா மணி நேரமாச்சும் ஓடோணும்.

சரி, கடைக்குப் போவோம். அங்க மூணு பேரு உன்னை வளைக்கப் பாப்பாங்க. முதல் ஆளு, ‘இன்வெர்ட்டருக்குப் போடற டியூபுலர் பேட்டரி அஞ்சாறு வருசம் அசையாதுங்க’ம்பான். வாஸ்தவந்தான், அது ஊட்டுல ஃபேன் ஓட்டறதுக்கு. மெதுவா ரொம்ப நேரம் குடுக்கற ஜாதி. செல்ஃபுக்கு வேண்டியது ஒரே மூச்சுல பெரிய கரண்டு. பத்தாததுக்கு அதோட ஒசரத்துக்குப் பானெட்டு மூடாது. ரெண்டாவது ஆளு ஏஜிஎம்ங்கற சீல் வெச்ச ரகத்தைக் காட்டுவான். நல்ல சரக்கு, நின்னாலும் சார்ஜ் மெதுவாத்தான் எறங்கும். ஆனா டைனமோவோட இருக்கற பழைய கட்-அவுட் ரெகுலேட்டர் ஒரு நாளைக்குக் கம்மியாக் குடுக்கும், ஒரு நாளைக்கு எச்சாக் குடுக்கும். எச்சாக் குடுத்தா உள்ள இருக்கற ஈரம் ஆவியாகிரும், ஏஜிஎம்ல தண்ணி ஊத்த வழியில்லை. மூணாவது ஆளு லித்தியம். தூக்கிப் பாத்தா அங்கராக்கு கனம்தான் இருக்கும், விலை பல மடங்கு. அதுக்குள்ள ஒரு மின்னணுக் காவல்காரன் ஒக்காந்திருக்கான். வோல்ட்டு பிடிக்கலைன்னா நடு ரோட்டுல கதவைச் சாத்திக்குவான். டைனமோவுக்கும் அவனுக்கும் ஒத்தே வராது.

அப்ப என்னதான் வாங்கறது? உன்ற வண்டிக்குன்னு சொன்ன அளவுல, சாதாரணப் பேட்டரி, ஆனா புதுசு. டைனமோ வண்டின்னா மேல மூடி தெறந்து தண்ணி ஊத்தற ரகம். டைனமோவுக்குப் பதிலா ஆல்டர்னேட்டர் மாத்தியிருந்தா மெயின்டனன்ஸ் ஃப்ரீ கால்சியம் ரகம் வாங்கலாம், நிக்கறப்ப சார்ஜ் எறங்கறது அதுல கம்மி. எக்ஸைடா அமரானான்னு டீக்கடையில வாதாடறதை விட்டுட்டு, எந்த மாசம் பண்ணினதுன்னு கேளு. மேல குத்தியிருக்கற எழுத்தைக் கடைக்காரனையே படிச்சுச் சொல்லச் சொல்லு. அலமாரியிலயே அரை வருசம் ஒக்காந்த பேட்டரி, உன்ற கொட்டாய்க்கு வரதுக்கு முன்னமே பாதி உன்னையாட்டச் சோம்பேறியாகியிருக்கும். மீட்டர் வெச்சுப் பாத்து 12.5-க்குக் கீழ காட்டினா, ‘இதை நீங்களே வெச்சுக்குங்க’ன்னு கும்பிட்டுட்டு வா. பாசிட்டிவ் டெர்மினல் எடது பக்கமா வலது பக்கமான்னு பாக்காம வாங்கினா வயரு எட்டாது. வயரை இழுத்துப் புடிச்சுக் கட்டிக்கிட்டு நிப்பே.

வாரண்டி கார்டுல 24 கூட்டல் 24-ன்னு போட்டிருந்தா, நாலு வருசத்துக்கும் சும்மா மாத்திக் குடுப்பாங்கன்னு துள்ளாதே. முதல் பாதிக்குத்தான் சும்மா. ரெண்டாவது பாதியில கழிவு போக மிச்சத்தை நீ கட்டோணும். அதுவும் தயாரிப்புல கோளாறு இருந்தாத்தான். நீ ஓட்டாம வெச்சுக் காலி பண்ணினதுக்குச் சார்ஜ் போட்டுத் திருப்பிக் குடுப்பாங்க, அவ்வளவுதான். பழைய பேட்டரியைக் கையோட கொண்டு போ, ஈயத்துக்கு விலை உண்டு, பில்லுல கழிச்சுக்குவாங்க. பொடக்காலியில போட்டுட்டு மறந்துறாதே, அமிலமும் ஈயமும் மண்ணுக்கும் கெணத்துக்கும் ஆகாது.

மாட்டறதுக்கு முன்ன, பழசு எப்படி இருந்துச்சுன்னு ஒரு போட்டோ எடு. உனக்குத்தான் அது நல்லா வருமே. பழைய பிரிட்டிஷ் வண்டிகள்ல பாசிட்டிவை பாடியில எர்த்து பண்ணியிருப்பாங்க, உன்றதுலயும் அப்படியிருந்தா மாத்தி மாட்டிறாதே. கழட்டறப்ப முதல்ல எர்த்து வயரு, மாட்டறப்பக் கடைசியில எர்த்து வயரு. ஸ்பேனர் பாடியில பட்டாலும் பொறி பறக்காது. பேட்டரியைப் புடிக்கற கிளாம்ப்பை முடுக்கு, குலுங்கினா தகடு உதுந்து போயிரும். டெர்மினல்ல வேஸ்லின் தடவு. மூடி ரகம்னா மாசம் ஒருக்கா தெறந்து பாத்து டிஸ்டில்டு வாட்டர் ஊத்து. வேற எந்தத் தண்ணியும் ஆகாது, கேன் தண்ணியும் ஆகாது.

விலை கூடின பேட்டரிக்குன்னு எடுத்து வெச்ச காசுல மிச்சம் இருக்குமில்ல, அதுலதான் உன்ற புத்தி தெரியோணும். சில நூறு ரூபாய்க்குக் கட்-ஆஃப் ஸ்விட்ச்சு கெடைக்கும். எர்த்து வயர்ல மாட்டி, வண்டி நிறுத்தினதும் திருகி விட்டிரு. ஸ்டீரியோ, அலாரம் எல்லாம் பட்டினி கெடக்கட்டும். அடுத்தது, நெறைஞ்சதும் தானாத் தணிஞ்சு 13.5 வோல்ட்டுக்குப் பக்கத்துல காத்துக்கிட்டு இருக்கற ஸ்மார்ட் சார்ஜர். பழைய குண்டு சார்ஜரைப் போட்டுட்டு ஊருக்குப் போயிறாதே, அது பாட்டுக்குக் கொதிக்க வெச்சிரும். பேட்டரியைக் கழட்டித் தரையில வெச்சாச் சார்ஜ் எறங்கிரும்னு அத்தை பலகை போடச் சொல்லுவா. இப்பத்தப் பிளாஸ்டிக் பெட்டிக்கு அது தேவையில்லை. ஆனா அத்தைகிட்ட நான் சொன்னேன்னு சொல்லிறாதே, பலகையைப் போட்டிரு.

இத்தனையும் பண்ணினாலும், பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா வண்டியை நல்லா ஓட்டறதுக்கு ஈடு இல்லை. எஞ்சின் சூடேறும், ஆயில் சுத்தும், பிரேக்கு ஒட்டாது, பேட்டரியும் நெறையும். உத்தரபாரா ஃபேக்டரியில 2014-ல அம்பாசடர் பண்றதையே நிறுத்திட்டாங்க, இப்பப் புதுசு கெடைக்கறதில்லை. ஓட்ட நேரமில்லைன்னா கோயமுத்தூர் அவிநாசி ரோட்டுல ஜி.டி. நாயுடு பேர்ல கார் மியூசியமே இருக்குது. ஆனா வண்டி அங்க நின்னா, பானெட்டுல சாஞ்சு போட்டோ எடுக்க உடுவாங்களான்னு கேட்டுக்கோ.

இல்லைன்னா ஒரு ரோசனை சொல்றேன். எனக்கும் அத்தைக்கும் அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் ஆனமலை மாசாணியம்மனைக் கும்பிடோணும்னு ஒரு வேண்டுதல். நீ கோயமுத்தூர்ல கெளம்பி, கெணத்துக்கடவுல எங்களை ஏத்திக்கிட்டு, போயிட்டுத் திரும்பினா நூறு கிலோமீட்டருக்குக் கொறையாது. பேட்டரிக்குச் சொன்ன கணக்கும் பதினஞ்சு நாளு, அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் நடுவால இருக்கறதும் பதினஞ்சு நாளு. வேண்டுதல் எப்ப வெச்சீங்க மாமான்னு கேக்காதே, நீ பேட்டரியைப் பத்திப் போன் பண்ணி வெச்சப்பறந்தான். பெட்ரோலு ஆரு போடறதுன்னுதானே ரோசிக்கறே? வண்டி உன்னுது, பேட்டரி உன்னுது, பெட்ரோலை மட்டும் அடுத்தவன் போட்டா அது உங்க அப்பாருக்கு மரியாதையா இருக்குமா, சொல்லு?