மேற்கு மலையில் ஐந்து ஏக்கர்: புதிதாகக் கிளம்புவோருக்குச் சில யோசனைகள்

கேரள எல்லையிலுள்ள வாளையார் சோதனைச் சாவடியில் ஒரு காலத்தில் லாரிகள் மைல் கணக்கில் நிற்கும். மூட்டைக்கு மூட்டை சீட்டுக் கேட்பார்கள். நிலம் தேடி மேற்கே போனவரை யாரும் மறித்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. ஆகவே தைரியமாகக் கிளம்புங்கள். உங்களுக்கு முன்னோடிகள் உண்டு. கோவைப் பக்கத்தார் ஆனைகட்டி வழியாகவும், திருவிதாங்கூர்க்காரர் மண்ணார்க்காடு சுரம் வழியாகவும் அட்டப்பாடி மலை ஏறினார்கள். 1951-இல் அங்கே நூற்றுக்கு 90 பேர் இருளர், முடுகர், குறும்பர் என்னும் ஆதிவாசிகள். 2011 கணக்கெடுப்பில் பாதிக்கும் கீழே. நடுவில் போர் எதுவும் நடக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

கையில் வெற்றிலை, புகையிலை, கொஞ்சம் சில்லறை இருந்தால் போதும். அவர்களில் ஒரு பாட்டிக்குக் காய்ச்சலோ பேத்திக்குக் கல்யாணமோ வரும்வரை பொறுங்கள். பிறகு கடன்; கடனுக்கு ஒரு கைநாட்டு. தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று ஊர்த் தலைவர் மூப்பன் கேட்டால் "சும்மா ஒரு அத்தாட்சி" என்று சொல்லிவிடுங்கள். ராகியும் சாமையும் விளைந்த மண்ணை அவர்கள் சில வருஷம் ஆறப் போடுவார்கள். அந்தத் தரிசில் வேலியடித்து, வாழை வைத்து, கரம் கட்டிய ரசீது வாங்கிவிடுங்கள். முதல் ரசீதுக்குத்தான் வில்லேஜ் ஆபீஸுக்கு நடக்க வேண்டும். அடுத்தடுத்த ரசீதுகளை முதல் ரசீதே பெற்றுப் போடும்.

சட்டம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. 1960 முதல் ஆதிவாசி நிலம் கைமாறியது செல்லாது, திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று 1975-லேயே கேரள சட்டசபை சொல்லிவிட்டது. வியர்க்கிறதா? துண்டால் துடைத்துக்கொண்டு மேலே கேளுங்கள். அந்தச் சட்டத்துக்கு விதிகள் எழுதவே 1986 ஆயிற்று. 1988-இல் டாக்டர் நல்லதம்பி தேரா என்பவர் உயர்நீதிமன்றம் போனார். ஆறு மாதத்தில் நிறைவேற்று என்று 1993-இல் உத்தரவு வந்தது. அரசு அவகாசம் கேட்டது; மறுபடியும் கேட்டது. நிலத்தைத் திருப்புவதைவிடச் சட்டத்தைத் திருப்புவது சுலபம் என்று 1996-இல் ஒரு திருத்த மசோதா வந்தது. எந்தக் காரியத்திலும் ஒத்துப்போகாத ஆளும் முன்னணியும் எதிர் முன்னணியும் அன்று ஒரே பெஞ்சில் உட்கார்ந்தன. 140 பேர் சபையில் எதிர்த்தவர் கே. ஆர். கௌரியம்மா ஒருவரே. ஜனாதிபதி ஒப்புதல் தரவில்லை. அதற்கும் மருந்து இருந்தது: 1999-இல் 'விவசாய நிலம்' என்று பேர் சூட்டி வேறு சட்டம் போட்டார்கள். விவசாய நிலம் மாநிலத்தின் அதிகாரம். டெல்லிக்குக் கடிதம் எழுத வேண்டியதில்லை. 2009-இல் உச்சநீதிமன்றமும் சரி என்றது.

நமக்கு வேண்டிய சாரம் இவ்வளவுதான்: 1960-க்கும் 24 ஜனவரி 1986-க்கும் நடுவில் கைமாறியதில் இரண்டு ஹெக்டேர், அதாவது சுமார் ஐந்து ஏக்கர் வரை, வைத்திருப்பவருக்கே. 'நான் இப்போதுதானே வருகிறேன்' என்று கலங்காதீர்கள். உங்கள் தாத்தா 1985-இல் வாங்கியதாகப் பரணில் ஒரு பழுத்த தாள் கிடைக்காமலா போகும்? அதிக ஆசை இருந்தால் மச்சானுக்கும் ஒரு தாத்தாவைத் தேடுங்கள்.

மனசு உறுத்துகிறவர்களுக்கு ஒரு ஆறுதல். நிலம் இழந்தவருக்கு அரசே மாற்று நிலம் கொடுக்கும் என்று அதே சட்டம் சொல்கிறது. அரசுக்குக் கைவிரிந்த மனசு. இடுக்கியில், சின்னக்கானலில், நிலமில்லாத 301 ஆதிவாசிக் குடும்பங்களுக்கு இடம் ஒதுக்கினார்களே, நினைவிருக்கிறதா? நல்ல இடம்; யானைகளுக்கும் பிடித்த இடம். பலர் விட்டுவிட்டு இறங்கிவிட்டார்கள்.

கடைசியாக, ரிசார்ட் கட்டினால் மலைப்பெயராகவே வையுங்கள், சென்னைக்காரர்களுக்குப் பிடிக்கும். மாலையில் விருந்தாளிகளுக்கு முன்னால் கொட்டும் குழலுமாக ஆட ஆள் வேண்டுமே என்று அலைய வேண்டாம். வேலிக்கு வெளியே ஊர் இருக்கிறது. அந்தப் பாட்டியின் பேத்தி நன்றாகப் பாடுவாள். கூலியை மட்டும் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். பழைய கடனில் கழித்தாலும் கழித்துக்கொள்ளலாம்.